வெருகல் போய்த் திரும்பிய வழி

அப்பா,

"கண் தெரியவில்லையா?" என்று அன்று நான் உங்களிடம் கேட்கவில்லை. கல்யாண மண்டபத்துக்கு முன்னால் கேட்கவில்லை, கோயிலுக்குள் கேட்கவில்லை, இருட்டிய பிறகு றோட்டிலும் கேட்கவில்லை. "வேனை ஓரமாக நிப்பாட்டுங்க, வேறு யாரையாவது கூப்பிடுவோம்" என்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதெல்லாம் வாய்க்குள் வந்து வந்து போனது.

இன்று பின்னேரம் வாகரையில் இருந்து திரும்பும்போது பஸ் நடுவழியில் நின்றுவிட்டது. எனக்கு இப்போது வாகரைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை. நீங்கள் இருந்தபோது வராத நியமனம், நீங்கள் போன பிறகு வந்தது. விடிய ஒரு பஸ், பின்னேரம் ஒரு பஸ் என்று நாள் முழுக்க அந்தத் தெருவிலேயே கரைகிறது. வெயிலில் நின்ற எங்கள் சிலரைப் பார்த்து, கோயிலுக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்த ஒரு வேன்காரர் ஏற்றிக்கொண்டார். கதவைத் திறந்ததும் அந்த மணம் வந்தது. வாடின மல்லிகை, கற்பூரம், டீசல், யாருடையதோ செருப்பில் ஒட்டி வந்த வாவிச் சேறு. வேறு எந்த இடத்திலும் இவை நான்கும் ஒன்றாக இருப்பதில்லை. களைத்துப்போய் இருந்தேன். கண்ணாடியில் தலையைச் சாய்த்துக்கொண்டு உங்களோடு கதைக்கத் தொடங்கினேன். வீட்டுக்கு வந்து அதைத்தான் எழுதுகிறேன்.

உங்கள் வேனும் அப்படித்தான் மணக்கும். வெளிநாட்டில் இருந்து வருகிறவர்களைக் கோயில் கோயிலாகக் கொண்டுபோவது உங்கள் தொழில். மாமாங்கம், கொக்கட்டிச்சோலை, மண்டூர். கும்பிட்டுக் களைத்த பிறகு அவர்களுக்குக் காடும் தண்ணீரும் வேண்டும். உன்னிச்சைக் குளக்கட்டு, தண்ணீருக்குள் வேர் இறக்கி நிற்கும் கண்டல்காட்டுக்குள் தோணி, கொக்கும் நாரையும் இறங்குகிற மேடு. "விடிய சாமி, பின்னேரம் கொக்கு" என்று உங்கள் தொழிலை நீங்களே ஒரு வரியில் சொல்வீர்கள். வருகிறவர்கள் சிரிப்பார்கள். எத்தனையோ தடவை கேட்ட எனக்குச் சிரிப்பு வராது. ஆனாலும் நீங்கள் கண்ணாடியில் என்னைப் பார்ப்பீர்கள், நான் சிரிக்கிறேனா என்று.

பட்டம் முடித்து வீட்டில் இருந்த காலம் அது. "பொம்புளைப் பிள்ளையள் வார பயணத்துக்கு நீயும் வா மகள், அவங்களுக்கும் கதைக்க ஆள் வேணும்" என்று முதலில் எப்போதாவது கூப்பிட்டீர்கள். பிறகு ஒவ்வொரு பயணத்துக்கும் கூப்பிட்டீர்கள். நான் முன் சீட்டில் ஒரு புத்தகத்தோடு ஏறிக்கொள்வேன். வாசிக்க விடமாட்டீர்கள். "அந்தப் பலகையில என்ன போட்டிருக்கு, வாசி பாப்பம்" என்பீர்கள், பின்னால் இருப்பவர்களுக்காகக் கேட்பதுபோல. நானும் அப்படித்தான் நினைத்தேன். உங்களுக்கு நீரிழிவு, அந்தச் சீனி வருத்தம், இருந்தது தெரியும். கண் கிளினிக்குக்கு ஒரு நாள் தனியாகப் போய் வந்தீர்கள். அம்மா கேட்டதற்கு, "எல்லாம் நல்லம் எண்டாங்க" என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போனீர்கள். அதற்குப் பிறகு இரவு ஓட்டம் எடுக்கவில்லை. வயது போகிறது, இரவில் ஓடினால் உடம்பு தாங்குதில்லை என்றீர்கள். அதையும் நம்பினேன்.

அன்று ஏறியவர்கள் கனடாவில் இருந்து வந்த புதுத் தம்பதி. மாப்பிள்ளையின் தாய் தகப்பன் மட்டக்களப்பில் இருந்து போனவர்கள். மாமாங்கத்தில் கும்பிட்டுவிட்டு வெருகல் முருகனிடம் போக வேண்டும், திரும்பும்போது பனிச்சங்கேணியில் கண்டல்காடு பார்க்க வேண்டும் என்று ஏற்பாடு. அவரை நீங்கள் தம்பி என்றீர்கள், அவளைத் தங்கச்சி என்றீர்கள். மாமாங்கம் தாண்டுவதற்குள்ளேயே அவர்கள் உங்களை அண்ணன் என்று கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள். அப்படி ஒரு வாய் உங்களுக்கு.

தெருவோரத்தில் எந்தக் கோயில் வந்தாலும் ஸ்டீயரிங்கில் இருந்து ஒரு கையை எடுத்து நெஞ்சில் வைப்பீர்கள். ஹோர்னை ஒரு தட்டுத் தட்டுவீர்கள். எங்கள் பக்கத்து வேன்காரர் எல்லாரும் செய்வதுதான். பின்னால் இருப்பவர்களும் உங்கள் கையைப் பார்த்துத்தான் கும்பிடுவார்கள். வாழைச்சேனைக்குக் கிட்டப் போகும்போது உங்கள் கை நெஞ்சுக்குப் போனது. ஹோர்னும் அடித்தது. பின்னால் தங்கச்சி அவசரமாகச் செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு கையையும் கூப்பினாள். நான் நிமிர்ந்து பார்த்தேன். புதிதாகக் கட்டிய கல்யாண மண்டபம். முகப்பில் கோபுரம் மாதிரி வளைவு எழுப்பி, பச்சையும் சிவப்புமாகத் தீந்தை பூசியிருந்தார்கள்.

"அண்ணே, அது கல்யாண மண்டபம்" என்று தம்பி விழுந்து விழுந்து சிரித்தார்.

"தெரியும் தம்பி. உள்ளுக்கு மாப்பிள்ள ஆரோ, பாவம். அவனுக்காகக் கும்பிட்டன்" என்றீர்கள்.

வேன் முழுக்கச் சிரிப்பு. "இவருக்கும் சேத்துக் கும்பிட்டிருக்கலாம் அண்ணே, கலியாணம் முடிஞ்சு ஆறு மாசம்" என்று தங்கச்சி சொன்னாள். நானும் சிரித்தேன். அன்று நான் உண்மையாகச் சிரித்தது அந்த ஒரு தடவைதான். ஆனால் கொஞ்சத் தூரம் தள்ளி, அந்த இடத்தில் எப்போதும் இருக்கிற பிள்ளையார் கோயில் வந்தது. சின்னக் கோயில், மரநிழலில். நீங்கள் கை எடுக்கவில்லை. அவருக்குரிய கும்பிடைத்தான் மண்டபத்துக்குப் போட்டுவிட்டீர்களே. சிரிப்பு எனக்கு அதோடு நின்றது. புத்தகத்தை மூடிப் பைக்குள் வைத்தேன். அதற்குப் பிறகு றோட்டைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன்.

வெருகலில் மத்தியானப் பூசை. வழக்கமாக நீங்கள் வேனுக்குள் சீட்டைச் சாய்த்துக்கொண்டு படுத்துவிடுவீர்கள். முருகனுக்கு உங்களை நன்றாகத் தெரியும், ஒவ்வொரு தடவையும் உள்ளுக்கு வந்து முகம் காட்டத் தேவையில்லை என்பீர்கள். அன்று இறங்கி வந்தீர்கள். சனம் அதிகமில்லை. மணி அடித்து, திரை விலகி, தீபம் காட்டிக்கொண்டிருந்தார்கள். வெள்ளி வேல் பளபளத்தது. எல்லாரும் "அரோகரா" என்ற நேரம் நீங்கள் என் காதுப் பக்கம் குனிந்து கேட்டீர்கள்.

"திரை விலத்திற்றாங்களா மகள்?"

"ஓம் அப்பா" என்றேன்.

உடனே கண்ணை மூடிக் கும்பிட்டீர்கள். சாமிக்கு முன்னால் கண்ணை மூடுவது எல்லாரும் செய்வதுதான். பக்கத்தில் நின்றவர்களுக்கு வித்தியாசமாக எதுவும் தெரிந்திருக்காது. எனக்குக் கும்பிட வரவில்லை. இந்த மனிதர் பின்னேரம் எங்கள் மூன்று பேரையும் வைத்துக்கொண்டு எப்படி வீட்டுக்குப் போகப்போகிறார் என்பது மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு வேன் ஓடத் தெரியாது. அந்தத் தம்பிக்கு எங்கள் றோட்டில் ஓட அனுமதி இல்லை. அவர்களிடம் சொன்னால் இறங்கிவிடுவார்கள், நியாயமும் அதுதான். இறங்கினால் அதை நாலு பேரிடம் சொல்வார்கள். அதற்குப் பிறகு உங்களை யாரும் கூப்பிட மாட்டார்கள். முப்பது வருடமாக வேன்காரர் என்று ஊர் அழைத்த மனிதர், வீட்டு முற்றத்தில் ஒரு கதிரையில் இருப்பார். இதையெல்லாம் சாப்பாட்டுக் கடையில் கை கழுவும்போது நினைத்தேன். நீங்கள் சோற்றைத் தடவித் தடவி மீன் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தீர்கள். மிக மெதுவாக.

"வெள்ளன வெளிக்கிடுவம், இருட்டுக்கு முதல் போயிரணும்" என்று பனிச்சங்கேணியில் தோணி ஏற முதலே சொன்னீர்கள். அவர்கள் கேட்கவில்லை. கண்டலுக்குள் தோணி போய் வந்த பிறகு, சூரியன் வாவியில் விழுவதைப் படம் எடுக்க வேண்டும் என்று பாலத்தடியில் நின்றார்கள். அழகாகத்தான் இருந்தது. வேறு ஒரு நாள் என்றால் நானும் பார்த்திருப்பேன். நீங்கள் வேனைச் சுற்றிச் சுற்றி நடந்தீர்கள். முன் கண்ணாடியைத் துடைத்தீர்கள். திரும்பவும் துடைத்தீர்கள். கண்ணாடியில் ஒன்றும் இல்லை அப்பா.

வெளிக்கிடும்போது வெளிச்சம் கிட்டத்தட்டப் போய்விட்டது. அந்த றோட்டுத் துண்டில் தெருவிளக்கு இல்லை, இரண்டு பக்கமும் பற்றைக்காடு. வேன் ஊர்ந்தது. உங்கள் முகம் ஸ்டீயரிங்குக்கு மேலே குனிந்திருந்தது. எனக்கு எப்படித் தோன்றியது என்று தெரியாது. கண்ணை றோட்டில் வைத்துக்கொண்டே, பின்னால் இருப்பவர்களுக்காக, வழிகாட்டிகள் கதைப்பதுபோல நான் கதைக்கத் தொடங்கினேன்.

"இந்தா, முன்னால ஒரு பாலம் வருது, சின்னப் பாலம். அதுக்குப் பிறகு றோட்டு இடப்பக்கம் கிறுகும். கிறுகின இடத்தில ஒரு மதகு இருக்கு. அங்கால நேர் றோட்டு. எதிர்ல ஒரு மோட்டார் சைக்கிள் வருது, லைட் இல்லாம வாறார் மனுசன்."

ஸ்டீயரிங் என் வார்த்தைக்குப் பின்னால் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. நான் பாலம் என்றால் வேகம் குறைந்தது, நேர் றோட்டு என்றால் கூடியது. வழக்கமாக நீங்கள்தான் வாய் மூடாமல் கதைப்பீர்கள், நான் சும்மா இருப்பேன். தங்கச்சிக்கு நான் சொன்னதெல்லாம் பிடித்திருந்தது. "அக்காவுக்கு ஒவ்வொரு மதகும் தெரியுது என்ன" என்றாள். ஆயுளில் நான் அவ்வளவு கதைத்ததில்லை.

பிறகு, அதே குரலில், குரலை மாற்றினால் நீங்கள் பதறிவிடுவீர்கள் என்ற பயத்தில், "முன்னால ஆனை ஒண்டு நிக்கிது அப்பா. வலப்பக்கம், றோட்டில பாதி. நிப்பாட்டலாம்" என்றேன்.

நிப்பாட்டினீர்கள். லைட்டை அணைத்தீர்கள். அது எங்களைப் பொருட்படுத்தாமல் பற்றையை உடைத்துத் தின்றுகொண்டிருந்தது. பின்னால் இருவரும் மூச்சு விடாமல் பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் அது அசைந்து அசைந்து காட்டுக்குள் இறங்கியது.

"எவ்வளவு பெரிய கொம்பன், பாத்தீங்களா?" என்றீர்கள்.

"கொம்பு இல்லையே அண்ணே."

"இருட்டுத்தானே தம்பி, உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது."

தம்பி, இருக்கலாம் என்று நினைத்திருப்பார். நான் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். உங்கள் கை கியரில் இருந்தது. ஆனை போன பிறகும், நான் சொல்லும் வரை நீங்கள் வேனை எடுக்கவில்லை. அந்த நேரத்தில்தான் கேட்டிருக்க வேண்டும். கேட்பதற்கு, என்னைப்போல் களைத்துப்போகாத வேறு ஒரு ஆள் தேவைப்பட்டது. நான் திரும்பவும் பாலங்களைச் சொல்லத் தொடங்கினேன்.

ஓட்டமாவடி தாண்டினால் கடைவெளிச்சம் வந்துவிடும், இனிப் பயமில்லை என்று நினைத்தது பிழை. எதிரே வருகிற ஒவ்வொரு லைட்டுக்கும் உங்கள் முகம் சுருங்கியது. நான் கதைப்பதை விடவில்லை. ஏறாவூரில் நானாவின் தேத்தண்ணிக் கடைக்கு முன்னால் நீங்களாகவே வேனை ஓரம் கட்டினீர்கள். அவரும் முன்பு உங்களோடு வேன் ஓடியவர். முஸ்லிம் ஆட்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல நீங்கள் அவரை நானா என்பீர்கள், அவர் உங்களை அண்ணன் என்பார். இரண்டு பேரில் யார் மூத்தவர் என்று எனக்குக் கடைசி வரை தெரியாது. தொழுதுவிட்டு வந்து கடை வாசலில் தொப்பியோடு நின்றார்.

"நானா, இந்தப் பிள்ளையள டவுணுக்குக் கொண்டுபோய் விடணும். எனக்கு இடுப்பு, நாரி எல்லாம் உளையுது" என்றீர்கள்.

நானா உங்கள் முகத்தைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். "ஏறி அங்கால இருங்க அண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டு, கடையைத் தன் தம்பிகாரனிடம் விட்டுவிட்டு வந்து ஸ்டீயரிங்கில் இருந்தார். நான் முன் சீட்டை விட்டுப் பின்னால் மாறினேன், நீங்கள் வந்து என் பக்கத்தில் இருந்தீர்கள். உங்கள் சொந்த வேனில் பின் சீட்டில் நீங்கள் இருந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. முழங்காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் இருந்தீர்கள். தன்னாமுனை வந்ததா போனதா என்று பார்க்காமல் நானா முன்னால் என்னவோ கதைத்துக்கொண்டு வந்தார், அவர்களுக்கு ஒன்றும் தோன்றாதபடி.

டவுண் வெளிச்சம் தெரியத் தொடங்கிய பிறகு, மிக மெதுவாக எனக்கு மட்டும் கேட்கச் சொன்னீர்கள். "நல்லாக் கதைச்சிக்கொண்டு வந்தாய் மகள்."

அவ்வளவுதான் நாங்கள் அதைப் பற்றிப் பேசியது.

எனக்குள் நீங்கள் விட்டுப்போனது ஒரு பழக்கம். பஸ்ஸில் போகும்போது, யாரும் கேட்காமலே, மனதுக்குள் றோட்டைச் சொல்லிக்கொண்டு போகிறேன். இந்தா மதகு, இந்தா வளைவு, எதிரே லைட் இல்லாமல் ஒருவர். எத்தனை களைப்பிலும் அது நிற்பதில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கும்போதும், முன்னால் இருப்பதைச் சொல்லுங்கள், முதலில் இருப்பதை மட்டும் சொல்லுங்கள் என்றுதான் சொல்கிறேன். அவர்களுக்கு அது ஏன் என்று தெரியாது.

அன்றைக்குப் பிறகு நீங்கள் வேன் ஓடவில்லை. கேட்டவர்களிடம் எஞ்சின் சரியில்லை என்றீர்கள். அந்த வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்து நானா வீட்டுக்கு வந்தார், நீங்கள் வேன் திறப்பை அவர் கையில் கொடுத்தீர்கள், எஞ்சினில் என்ன பிழை என்று அவர் கேட்கவில்லை. அதிலிருந்து இரண்டாவது மாரிகாலத்தில் உங்களை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஒன்பதாம் நாள் விடிய இறந்தீர்கள். நானா ஓட்டிக்கொண்டு வந்த உங்கள் அந்த வேனில்தான் உங்களை வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.