இடப்பக்க ஸ்பிரிங்

அப்பா, காலையில அம்மாவ வண்டியில ஏத்துறதுக்கு முன்னாடி இதப் படிச்சிருங்க. பயத்துல தூக்கமே வரல.

லைசென்ஸ் எடுக்காம பைக்கத் தொட்டா கைய ஒடிப்பேன்னு சொன்னீகல்ல? சாயங்காலம் நாரணாபுரம் வரைக்கும் ஓட்டிட்டேன். நேரா போறப்ப நல்லாத்தான் போச்சு. வளைவுல ஒரு குழியில ஏறினதும் பின்சக்கரம் துள்ளி, வண்டி ஒரு பக்கமா இழுத்துருச்சு. எதுக்க லாரி. எப்படித் தப்பிச்சேன்னே தெரியல.

ஆனா ஏன் இழுத்துச்சுன்னு மண்டைக்குள்ள குடைஞ்சுக்கிட்டே இருந்துச்சு. டார்ச் அடிச்சுப் பாத்தேன். பின்னாடி இருக்கிற ரெண்டு ஷாக் அப்சர்பர்ல, இடப்பக்க ஸ்பிரிங்க இறுக்குற வளையம் அஞ்சாவது படியில இருக்கு. வலப்பக்கம் ரெண்டாவது படியிலயே கெடக்கு. தீவாளி சீசன்ல பட்டாசுப் பெட்டி அட்டைக் கட்டு இடப்பக்கமாத் தொங்கி வண்டி சாயுதுன்னு நீங்க இறுக்குனதுதானே? இப்ப லோடே இல்லையே. ஒரு பக்கம் அமுங்கி இன்னொரு பக்கம் அமுங்கலேன்னா சக்கரம் எப்படிப்பா நேரா நிக்கும்? வளையத்த நானே திருப்பிப் பாத்தேன், பலம் பத்தல.

சொல்லாமலே இருந்திருப்பேன். நீங்களும் அம்மாவும் அந்த வளைவுலதானே கம்பெனிக்குப் போறீக.

அபிநயா

லாரி வந்தத மட்டும் அம்மாட்ட சொல்லாதீக.

சாவி எங்கிட்ட இருக்கு. எழுப்பி எம்புட்டு வேணும்னாலும் திட்டுங்க. ரெண்டு ஸ்பிரிங்கயும் ஒரே படியில வச்சப்புறந்தான் தருவேன்.