பொடிசைத் தண்ணீருக்குக் கூட்டிப்போனது

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே உடம்பளவில் எல்லோரும் நலம், நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்கிறீர்கள் என்று நம்பிக்கொண்டு தொடங்குகிறேன். வழக்கமாக அம்மாதான் எழுதுவாள், நான் அடியில் இரண்டு வரி சேர்ப்பேன். இந்தத் தடவை அவள் தேதியை மட்டும் எழுதிவிட்டு, நீங்களே எழுதுங்க, எனக்குக் கை ஓடல என்று தள்ளிவிட்டாள். போனில் சொல்லலாம்தான், ஆனால் உன் குரல் மாறினால் நான் பாதியில் பேச்சை மாற்றிவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். வேலையெல்லாம் முடித்துவிட்டு உட்கார்ந்து படி, மாப்பிள்ளையும் பக்கத்தில் இருக்கட்டும்.

நீ அடுத்த மாதம் வந்து தம்பியின் பிள்ளையைக் கூட்டிப்போய் வளர்ப்பதாகப் பேசி முடித்த பிறகு அம்மாவும் நானும் பொடிசின் துணிமணிகளைப் பெட்டியில் அடுக்க ஆரம்பித்தோம். தம்பி அதில் கை வைக்கவில்லை. மருமகள் போய் இந்த ஆறு மாதமாக அவன் அப்படித்தான், லிப்ட் பழுது பார்க்கப் போவான், வருவான், பிள்ளையைக் கையில் கொடுத்தால் வாங்கிக்கொள்வான், கேட்டால் திருப்பிக் கொடுத்துவிடுவான். அவளைப் புதைத்த அன்றுகூட அவன் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. அக்காகிட்ட இருந்தா நல்லா இருப்பா என்று அவன் உன்னிடம் சொன்னதும் யாருடைய பிள்ளையைப் பற்றியோ பேசுகிற மாதிரிதான் இருந்தது. மருமகளின் அலமாரி மேல்தட்டைத் துழாவினபோது சின்னதாக ஒரு மஞ்சள் நீச்சலுடை கிடைத்தது, கடைச் சீட்டுகூடப் பிய்க்கவில்லை, பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே வாங்கி வைத்திருக்கிறாள். அவளுக்கு நீச்சல் என்றால் உயிர். உன் தம்பிக்கோ தண்ணீர் ஆகாது, சின்ன வயதில் அவன் தலைக்கு ஊற்ற நீயும் அம்மாவும் ஆளுக்கொரு கையைப் பிடிக்க வேண்டும். அந்தத் துணியை வாங்கிக் கொஞ்ச நேரம் விரித்துப் பார்த்தான், இவ போறதுக்கு முன்னாடி ஒரு தடவை நான் கூட்டிட்டுப் போறேன், அவ ஆசைப்பட்டது என்றான். நாங்களும் வருகிறோம் என்றோம், வேண்டாம் என்றுவிட்டான்.

நீச்சல் குளத்தில் ஞாயிறு காலை அரை மணி நேரம் கைக்குழந்தைகளுக்கென்று ஒதுக்கியிருக்கிறார்கள். அவன் கிளம்பின பிறகுதான் பார்த்தேன், துண்டு நாற்காலியிலேயே கிடந்தது, எடுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஓடினேன். துண்டு ஒரு சாக்கு என்று அம்மா சொல்கிறாள், இருக்கட்டும். உடை மாற்றும் அறையில் பட்ட பாட்டை அவன் அப்புறம் சொன்னான். பெஞ்செல்லாம் ஈரம், தான் சட்டையைக் கழற்ற வேண்டுமானால் பிள்ளையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. முழங்கால்களுக்கு நடுவில் அவளை நிறுத்திப் பிடித்துக்கொண்டு ஒரு கையால் பட்டனைக் கழற்றியிருக்கிறான், அதற்குள் அவள் லாக்கர் சாவியை வாயில் போட்டுக்கொண்டாளாம். பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர் பார்க்கச் சகிக்காமல் நான் கொஞ்சம் வெச்சுக்கட்டுமா தம்பி என்று கையை நீட்டியிருக்கிறார். நல்ல மனுஷன்தான்ப்பா, ஆனா ஏனோ கொடுக்க வரல என்றான் என்னிடம்.

நான் குளத்தை ஒட்டி வேடிக்கை பார்ப்பவர்களுக்கான படிக்கட்டில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன், தண்ணீரில் பேசுவதெல்லாம் எதிரொலித்து அங்கே கேட்கும், அவன் என்னைப் பார்க்கவில்லை. மற்ற குழந்தைகளோடு அம்மாவும் அப்பாவும் ஜோடி ஜோடியாக இறங்கினார்கள், ஒருவர் பிடிக்க ஒருவர் படம் எடுக்க. இவன் மட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினான், வயிற்றுமட்டத் தண்ணீரில் நின்றுகொண்டு, கீழே நெருப்பு எரிகிற மாதிரி பிள்ளையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தான். பொடிசு வீறிட்டது. சொல்லிக்கொடுக்கிற பெண் கிட்டே வந்து, அம்மா வரலையா என்று சாதாரணமாகத்தான் கேட்டாள். மகளே, ஆறு மாதமாக அவன் வாயிலிருந்து வராத வார்த்தை அங்கே வந்தது.

“இவளோட அம்மா செத்துட்டாங்க. நான்தான் இருக்கேன்.”

அந்தப் பெண் அவன் முழங்கையைத் தொட்டு, அவளைத் தூக்காதீங்க, நீங்க இறங்குங்க, உங்க முகம் அவ முகத்துக்கு நேரா இருக்கணும் என்றாள். உன் தம்பி கழுத்து வரை இறங்கினான், தாடை வரை இறங்கினான். பிள்ளை அவன் காதைப் பிடித்துக்கொண்டு அழுகையை நிறுத்தியது, காலால் தண்ணீரை ஒரு உதை விட்டுச் சிரித்தது. அப்போதுதான் அவன் தலை குலுங்க அழுவதைப் பார்த்தேன். முகமெல்லாம் தண்ணீர், சுற்றி இருந்த யாருக்கும் தெரிந்திருக்காது. ஆசை தீர அழட்டும் என்று நான் துண்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தேன். கரையேறினபோது எழுந்து போய் நீட்டினேன், அவன் அதில் பிள்ளையைச் சுற்றிக்கொண்டானே தவிர என் கையில் கொடுக்கவில்லை. வாசலில் நின்றுகொண்டு ஒன்றே ஒன்று கேட்டான்.

“அக்காகிட்ட எப்படிப்பா சொல்வேன்?”

நான் சொல்கிறேன் என்றேன். சொல்லிவிட்டேன் மகளே, பொடிசு உன்னிடம் வரமாட்டாள்.

நீ என்னென்ன செய்து வைத்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். அந்தச் சின்ன அறைக்கு நீங்கள் இருவருமே வண்ணம் அடித்ததும், தொட்டிலை ஜன்னலுக்குத் தள்ளி வைத்ததும், உன் ஆபீஸில் எல்லோரும் உன்னை அம்மா என்று கேலி செய்ய ஆரம்பித்ததும் நீ சொல்லித்தான் தெரியும். இரண்டு தடவை வயிற்றிலேயே இழந்துவிட்டு நீ ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தபோது, விடும்மா, எல்லாம் சரியாகும் என்று சொன்னதற்கு மேல் எனக்கு வேறு வார்த்தை தெரியவில்லை. இப்போதும் தெரியவில்லை. பொடிசு உனக்குத்தான் என்று வாக்குக் கொடுத்தவன் நான், தம்பி வாய் திறப்பதற்கு முன்பே கொடுத்தேன், என் இரண்டு பிள்ளைகளின் குறையையும் ஒரே பிள்ளையை வைத்துத் தீர்த்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். தப்பு என்னுடையது. திட்ட வேண்டும் என்றால் என்னைத் திட்டு, அவனிடம் பேசும்போது மட்டும் கொஞ்சம் ஆறின பிறகு பேசு. அவன் உனக்குப் போன் செய்ய இரண்டு தடவை எடுத்தான், இரண்டு தடவையும் வைத்துவிட்டான். அம்மா நேற்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை, நீ கூப்பிட்டால் சாப்பிடுவாள்.

நேரத்துக்குச் சாப்பிடு, தூக்கம் வராவிட்டால் மாப்பிள்ளையை எழுப்பிப் பேசு, தனியாக உட்கார்ந்து யோசிக்காதே. நீங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் விட்டுவிடாமல் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும் என்று அம்மாவும் நானும் ஆசீர்வதிக்கிறோம். ஒன்று மறக்காதே, போட்ட விடுப்பை ரத்து செய்யாதே. வந்துவிட்டு வெறுங்கையோடு திரும்ப வேண்டுமே என்று நினைப்பாய், தெரியும். ஆனாலும் வாம்மா. எனக்கு உன்னைப் பார்க்க வேண்டும்.

சொன்ன வார்த்தையைக் காப்பாற்றாத,
உன் அப்பா