லோடு இல்லாத லாரி

இன்று காலை பலகையை அறுத்தேன். இரண்டாவது இழுப்பில் ரம்பம் உள்ளே இறங்கியதும் வாசனை வந்தது. ஆவாரம்பட்டை. மழை நாளில் செருப்புக் கடைக்குள் நுழைந்த மாதிரி. ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு மிச்சத்தையும் அறுத்தேன்.

நீ போய் எட்டு மாதம். லாரியின் பதினெட்டுப் பலகைகளில் இந்த ஒன்றைத்தான் வைத்திருக்கிறேன். மற்றதையெல்லாம் நானே பிடுங்கிப் போட்டேன். அதை உன்னிடம் சொல்ல வேண்டும்.

கல்லூரியில் நான் படித்த கதைகளை உனக்குச் சொல்வேன். நீ பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்துவாய். "கடைசில இன்னா ஆச்சு, அத்த சொல்லு." இந்த முறை முதலிலிருந்து சொல்கிறேன். குறுக்கே பேச நீ இல்லை.

அது உன் அப்பாவின் கடைசி லாரி. கான்பூரிலிருந்து உப்புத்தோல் ஏற்றி ஆம்பூர் வந்த வண்டி. அவர் இறந்த பிறகு உன் அண்ணன் விற்கப் பார்த்தார். நாம் வாங்கினோம். பெண் பெயரில் லாரி எழுத உன் வீட்டில் ஒத்துக்கொள்ளவில்லை. என் வீட்டில் நான் யாரையும் கேட்கவில்லை. ஆகவே ஆர்.சி. புத்தகம் என் பெயரில். ஓட்டத் தெரிந்தது உனக்கு மட்டும்.

"அம்மி லாட்ஜ்ல தங்கமாட்டா. வேத்து பாத்ரூம்ல கால் வெக்கமாட்டா. அப்பா வருஷம் பூரா போன ரோட்ட ஒரு தபாகூட பார்த்ததில்ல. வீட்ட வுட்டு வரமாட்டான்னா, வீட்டையே இட்டுனு போலாம்" என்றாய். உன் அம்மாவை நீ அம்மி என்றுதான் கூப்பிடுவாய். கோயம்புத்தூரில் அனுமதி பெற்ற ஒரு பட்டறையில் சக்கரம் வைத்த வீடு செய்ய ஏற்பாடானது. ஒரு படுக்கையறை, அடுப்பு, கழிப்பறை. அதற்குத் தனி நம்பர், தனி காப்பீடு. அந்த வேலை சுலபமாக முடிந்தது. இழுக்கும் வண்டிதான் சிக்கல். அது சரக்கு லாரி. அதைச் சொந்த உபயோக வண்டியாக மாற்ற வேண்டும்.

ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் இருந்த ஏஜென்டுக்கு இது புரியவே இல்லை.

"லாரி எதுக்கும்மா?"

"வீடு இழுக்க" என்றாய்.

"வீடு மாத்துறீங்களா?"

"மாத்தலண்ணா. கூட இட்டுனு போறோம்."

அவர் என் பக்கம் திரும்பினார். "நீயாச்சும் படிச்ச பொண்ணு மாரி இருக்க. இதுக்கு எடுத்துச் சொல்லும்மா. சரக்கு வண்டியாவே இருக்கட்டும், மஞ்ச போர்டோட போங்க, எவன் கேக்கப்போறான்? லாரின்னா லோடு. லோடு இல்லன்னா அது இன்னா வண்டி?"

"எங்க வண்டி."

உன் பிடிவாதத்தின் காரணம் எனக்குத் தெரியும். நீ ஐந்தாவது படிக்கும்போது உன் அப்பா தோல் லாரியில் கல்யாண வீட்டாரை ஏற்றிக்கொண்டு போனார். பள்ளிகொண்டா அருகே வண்டி கவிழ்ந்தது. உயிர்ச்சேதம் இல்லை. காப்பீட்டுக் கம்பெனி கையை விரித்தது. காகிதத்தில் சரக்கு, வண்டியில் ஆட்கள். ஆஸ்பத்திரிச் செலவுக்கு மற்ற இரண்டு லாரிகளும் போயின. அம்மியின் இடது முழங்கால் அன்றிலிருந்து மடங்கவில்லை. "பேப்பர்ல இன்னா இருக்கோ அதான் ரோட்ல போவணும்" என்பாய். இதை மட்டும் சிரிக்காமல் சொல்வாய்.

ஆபீஸில் முதலில் காப்பீட்டை மாற்றி வரச் சொன்னார்கள். காப்பீட்டுக் கம்பெனியில் முதலில் ஆர்.சி.யை மாற்றி வரச் சொன்னார்கள். மூன்று மாதம் நடந்தோம். கடைசியில் கம்பெனி இறங்கி வந்தது. தங்கள் சர்வேயர் வண்டியைப் பார்ப்பார், இனி சரக்கு ஏற்றவில்லை என்று அவர் எழுதிக்கொடுத்தால் பாலிசியை மாற்றுவோம் என்றார்கள்.

வண்டி நாறியது. இருபது வருட உப்புத்தண்ணீர் பலகைக்குள் இறங்கியிருந்தது. பினாயில், சோடா, எலுமிச்சை எதற்கும் போகவில்லை. ஒரு நாள் நீ, தோல் பதனிட ஊற்றும் ஆவாரம்பட்டைச் சாறு ஒரு டிரம் நிறையக் கொண்டுவந்தாய்.

"பதம் பண்றேன்டி. செத்த தோலோட நாத்தத்தையே போக்குது. பலகைய போக்காதா?"

மூன்று நாள் ஊற்றினோம். பலகை பழுப்பானது. பட்டைச் சாறு இரும்பில் பட்டால் கறுக்கும். போல்ட்டைத் தொட்ட உன் கைகள் நகம் வரை கறுத்தன. ஆர்.டி.ஓ. ஆபீஸ் குமாஸ்தா உன் விரல்களைப் பார்த்து, "எலக்ஷன் முடிஞ்சி எவ்ளோ நாளாச்சு, இன்னும் மை போகலியா? எத்தினி ஓட்டும்மா போட்ட?" என்றார். "பத்து" என்று விரல்களை விரித்துக் காட்டினாய்.

நாற்றம் போனது. நல்ல தோல் வாசனை வந்தது. நமக்கு அது சுத்தத்தின் வாசனை. இந்தப் பக்கத்து மூக்குக்கு அப்படித்தான் தெரியும். சர்வேயர் வேறு மாவட்டத்துக்காரர் என்பதை நாம் யோசிக்கவில்லை.

மேலே ஏறி முகர்ந்தார். "தோல் ஏத்துறீங்களா?"

"இல்ல சார்."

"பதம் பண்ண தோல் வாசனை வருதே."

"பலகையத்தான் சார் பதம் பண்ணோம்."

"பலகைய யாராவது பதம் பண்ணுவாங்களா?"

"நாங்க பண்ணோம்."

கிண்டல் செய்கிறாய் என்று நினைத்துவிட்டார். தோல் ஏற்றுவதாகத் தெரிகிறது என்று எழுதிவிட்டுப் போனார்.

திரும்பும்போது விரிஞ்சிபுரம் வரை சிரித்துக்கொண்டே ஓட்டினாய். அப்புறம் சொன்னாய்: "பலகைய கழட்டிட்டுத் தகடு போட்டுடலாம்." நான்தான் வேண்டாம் என்றேன். இவ்வளவு பாடுபட்டது வீணாகக் கூடாதாம். வாசனை தானாகக் குறையட்டுமாம்.

அது குறைவதற்குள் உனக்குக் காய்ச்சல். பிறகு ரத்தப் பரிசோதனை. பிறகு பெரிய ஆஸ்பத்திரி. மொத்தம் ஐந்து வாரம். மூக்கில் குழாயோடு கேட்டாய்: "பலகை எடுத்தியா?" எடுக்கலாம் என்றேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாய்.

நாற்பதாம் நாள் சடங்கு முடிந்து எல்லோரும் போன பிறகு அம்மி கேட்டாள்.

"லாரி எங்க நிக்குது?"

"எங்க ஊர் திமிரில, களத்துல."

"துரு புடிக்கும். நீ ஓட்டுவியா?"

"கத்துக்கிறேன் அம்மி."

"காயிதம் சரியா இருக்கா?"

"இன்னும் ஆகல."

"அது சரியாவட்டும். வர்றேன். அது இல்லாம நான் ஏறமாட்டேன்."

கனரக வண்டி ஓட்டும் பள்ளியில் பன்னிரண்டு ஆண்கள், நான். டிரெய்லரைப் பின்னால் எடுப்பதுதான் கஷ்டம். ஸ்டியரிங்கை வலது பக்கம் திருப்பினால் வீடு இடது பக்கம் போகும். பாலாற்று மணலில் நீ ஒரு தடவை காட்டியிருக்கிறாய். நான் அப்போது கவனிக்கவில்லை. முதல் தேர்வில் தோற்றேன். இரண்டாவதில் தேறினேன். வாசலில் அதே ஏஜென்ட்.

"அந்தப் பொண்ணு போய்டுச்சாமே. கஷ்டமா போச்சு. இன்னும் எதுக்கும்மா உனக்கு இந்த பேஜார்? லோடுக்கு வுட்டுடு."

"இல்லண்ணா. வீடு இழுக்கத்தான்."

"நீயுமா" என்றார்.

சர்வேயர் மறுபடி வர ஒரு வியாழக்கிழமை குறித்தார்கள். இரண்டாவது முறையும் அதையே எழுதினால் கோப்பை மூடிவிடுவார்கள். அம்மியின் பயணமும் அதோடு முடியும். இத்தனை மாதமாக நான் பலகையைத் தொடவில்லை. காரணம் உழைப்பு வீணாகும் என்பதல்ல. வாரம் ஒரு முறை களத்துக்குப் போய் அந்தப் பலகைமேல் உட்கார்ந்திருப்பேன். உன் துப்பட்டாவில் அந்த வாசனை இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கடப்பாரையை எடுத்தேன். தூறல். முதல் பலகைக்கு ஒரு மணி நேரம் ஆனது. பத்தாவது பலகைக்கு ஐந்து நிமிடம் போதும். அடியில் மூலைகளில் கல்லுப்பு உறைந்திருந்தது. மாலையில் என் இரண்டு கைகளும் கறுத்திருந்தன. சோப்பு போட்டேன். போகவில்லை.

புதன்கிழமை தகடு போட்டாகிவிட்டது. வியாழன் அதே சர்வேயர் வந்தார். ஏறினார். முகர்ந்தார்.

"வாசனை போய்டுச்சு."

"ஆமா சார்."

"அன்னிக்கி ஒரு பொண்ணு என்னைக் கிண்டல் பண்ணுச்சே, எங்க அது?"

"இறந்துட்டா சார். கிண்டல் இல்ல. நிஜமாவே பதம் பண்ணோம்." கைகளைக் காட்டினேன். அவர் என் நகங்களைப் பார்த்தார். பிறகு குனிந்து எழுத ஆரம்பித்தார்.

அப்புறமும் இரண்டு மாதம் அலைந்தேன். இப்போது வெள்ளை போர்டு. பாலிசியில் சொந்த உபயோகம், வீட்டு டிரெய்லர் இழுக்க என்று இருக்கிறது. அம்மிக்கு ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டினேன்.

"ஆளுங்க போலாம்னு எழுதியிருக்கா?"

"கேபின்ல மூணு பேர் போலாம்னு எழுதியிருக்கு."

"ரெண்டு பேர்தானே நாம" என்றாள். நான் அடுத்த வரியைப் படித்தேன்.

நாளைக் காலை கிளம்புகிறோம். கேபின் உயரம். அம்மியின் கால் மடங்காது. அதற்குத்தான் இன்று பலகையை அறுத்து ஒரு படி செய்தேன். சாயங்காலம் வைத்துப் பார்த்தோம். கால் வைத்தாள். "ஆடுது" என்றாள். இன்னொரு ஆணி அடித்தேன். மறுபடி ஏறினாள். கேபின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள். மூச்சை இழுத்து முகர்ந்தாள்.

"இந்தக் கையோட சோறு துண்ணாத, கழுவுடின்னு எத்தினி தபா சொன்னேன் அவளுக்கு" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மேலே ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். "நிக்கற எடத்துலல்லாம் இத எடுத்து வெக்கணும். மறந்துடாத."

கடைசியில் என்ன ஆயிற்று என்று எனக்கும் தெரியாது. கான்பூர் வரை போக வேண்டும். வண்டி நிற்கும் இடத்திலெல்லாம் முதலில் நான் இறங்கி, சுற்றி வந்து, இந்தப் படியை வைக்க வேண்டும். கிளம்பும்போது எடுத்து வைக்க வேண்டும். வேறு லோடு இல்லை.