திரையை விலக்கினால் சுவர்

பீளமேடு, கோயம்புத்தூர்
24.1.2026

அண்ணன் சீனிவாசலு அவர்களுக்கு,

இதுவரை வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். நல விசாரிப்பைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். முதலிலேயே எழுதினால் கோபம் ஆறிவிடும்.

இதை வாட்ஸப்பில் அனுப்பியிருக்கலாம். அனுப்பினால் கட்டைவிரல் படம் ஒன்றைப் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவீர்கள். அதனால்தான் காகிதம். சிங்கப்பூர் வந்து சேரப் பத்து நாள் ஆனாலும் பரவாயில்லை, மாசி பிறப்பதற்குள் உங்கள் கைக்குக் கிடைத்தால் போதும்.

மார்கழியில் அம்மாவை வரவழைத்துக் கப்பலில் கூட்டிப் போனீர்கள். பினாங்கு, லங்காவி, புக்கெட். குடும்பக் குழுவில் நீங்கள் போட்ட படங்களைப் பார்த்துவிட்டு ரங்கநாயகி சின்னம்மா எனக்குப் போன் செய்தார். பெற்றால் சீனுவைப் போலப் பெற வேண்டும் என்றார். அம்மாவை ஆஸ்பத்திரிக்கு மட்டுமே கூட்டிப் போகிற என்னிடம் சொன்னார். கேட்டுக்கொண்டேன்.

ஏனென்றால் நானும் மகிழ்ந்திருந்தேன். காங்கேயம் பக்கத்து மேட்டுக்காட்டில் பிறந்த அம்மா இந்த எழுபத்தெட்டு வயதுவரை கடலைப் பார்த்ததில்லை. பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுத்த அன்றே தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். அந்த ஒன்றுக்காகப் பழைய கோபங்களைத் தள்ளி வைத்தேன். உங்கள் ரிசப்ஷனில் வந்தவர்களின் காருக்கு இடம் காட்ட என்னை மண்டப வாசலில் நிறுத்தினீர்கள். அப்பா இறந்து மூன்றாம் நாள் வந்து, வந்ததும் எல்லோருக்கும் உத்தரவு போட்டீர்கள். இரண்டையும் மறந்துவிடலாம் என்றிருந்தேன். இப்போது மறப்பதாக இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டு மெஹராஜ் வந்திருந்தார். வருஷம் தவறாமல் நாகூர் போய் வருகிறவர். அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே, ஏதோ விலை விசாரிப்பது போலக் கேட்டார்.

"ஏனுங்க மெஹராஜு, கடலு ராத்திரியில சத்தம் போடுமுங்களா?"

மெஹராஜ் சிரித்துவிட்டார். "அஞ்சு ராத்திரி கடல் மேலயே படுத்துட்டு வந்துபோட்டு என்னையக் கேக்கறீங்களேம்மா."

அம்மாவும் சிரித்தார். கீரை முற்றல் என்று பேச்சை மாற்றினார். உள்ளே இருந்த நான் பேப்பரை மடித்து வைத்தேன்.

அம்மாவிடமிருந்து விஷயத்தை வாங்க இரண்டு நாள் ஆயிற்று. அதையும் உங்களைப் புகழ்வது போலத்தான் சொன்னார். சக்கர நாற்காலியில் வைத்து, மூடிய பாதை வழியாகவே கப்பலுக்குள் கொண்டுபோய் விட்டார்களாம். அறை கச்சிதமாம். துண்டைத் தினமும் யானை மாதிரி மடித்து வைப்பார்களாம். பெல் அடித்தால் சாப்பாடு அறைக்கே வருமாம். சுவரில் அழகான திரை ஒன்று தொங்கியதாம். ஜன்னல் என்று நினைத்து முதல் நாள் ஆசையாக விலக்கினாராம். பின்னால் சுவர். அதில் ஒரு கண்ணாடி, கண்ணாடியில் தன் முகம்.

கூட வந்த மௌனிகா அண்ணியின் அப்பா அம்மாவுக்கு மேல் மாடியில் பால்கனி வைத்த அறை. நம் அம்மாவுக்குக் காற்றுப் பட்டால் சளி பிடிக்கும் என்று அண்ணி சொன்னாராம். தீவில் இறங்கச் சின்னப் படகுக்கு மாற வேண்டும், முட்டி தாங்காது என்று நீங்கள் சொன்னீர்களாம். சரி, ஒப்புக்கொள்கிறேன். கப்பலின் மேல் தளத்துக்கு லிஃப்ட் இல்லையா அண்ணா? சக்கர நாற்காலியைப் பத்து நிமிடம் தள்ள உங்களில் ஒருவருக்கும் கை இல்லையா?

லங்காவியில் மேல் தளத்தில் நின்றுகொண்டு வீடியோ காலில் கடலைக் காட்டினீர்களாமே. அதே கப்பலில், கீழே ஜன்னல் இல்லாத அறையில் உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு. அதுவும் பாதியில் நின்றுவிட்டதாம். பையன் பாவம், எத்தனையோ முயற்சி செய்தான் என்று உங்களுக்காக வருத்தப்படுகிறார்.

வாய் விட்டுக் கேட்டிருக்கலாமே என்றேன்.

"சம்பந்திகள வெச்சுக்கிட்டு அதை எப்படிக் கண்ணு கேக்கறது? அவனுக்குச் சங்கடமாப் போயிருமல்லொ."

பொங்கலன்று நீங்கள் போனில் சொன்னது அப்போதுதான் எனக்கு முழுதாக விளங்கியது. தொண்டாமுத்தூர் பக்கம் வயதானவர்களுக்கான குடியிருப்பில் ஒற்றை அறை பார்த்துவிட்டீர்கள், மாசியில் அம்மா அங்கே போக வேண்டும். காரணமும் சொன்னீர்கள்: "கப்பல்லயே பாத்துட்டேன்டா. ஒரு ரூமுக்குள்ள எத்தன நிம்மதியா இருந்தாங்க. அம்மாவுக்கு அது போதும்."

அவர் நிம்மதியாக இல்லை. உங்கள் மரியாதையைக் காப்பாற்றிக்கொண்டு இருந்தார். நீங்கள் அதைப் பார்த்து, இவருக்கு இன்னும் சின்னதாக ஒரு வாழ்க்கை போதும் என்று முடிவு கட்டிவிட்டீர்கள். எங்களைத் தொந்தரவிலிருந்து விடுவிப்பதாக வேறு சொன்னீர்கள். நாங்கள் எப்போது தொந்தரவு என்று சொன்னோம்?

அம்மா அன்றைக்கே பெட்டியை எடுத்துவிட்டார். கப்பலுக்குக் கொண்டு போன அதே பெட்டி. சேலைகளை அடுக்கிக்கொண்டிருக்கிறார். போக வேண்டாம் என்று நானும் என் மனைவி பூஜிதாவும் மாறி மாறிச் சொல்லிவிட்டோம். மூத்தவன் சொன்னான், சேரின்னுபோட்டேன், இனி மாத்தினா அவனுக்கு என்ன மரியாதை என்கிறார். நீங்கள் சொல்லி ஏற்றுக்கொண்டதை நீங்கள் சொன்னால்தான் விடுவார். இருபது வருஷமாகக் கூடவே இருக்கிற என் பேச்சுக்கு இந்த வீட்டில் உள்ள எடை அவ்வளவுதான்.

ஆகவே போன் செய்யுங்கள். அந்த அறை வேண்டாம், பீளமேட்டிலேயே இருங்கள் என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். ஏன் என்று கேட்டால் ஜன்னல் சின்னது என்று சொல்லிவிடுங்கள்.

அடுத்த வாரம் கோழிக்கோட்டுக்கு ரயிலில் இரண்டு டிக்கெட் எடுத்திருக்கிறேன். கடற்கரைக்கு எதிரிலேயே ஓர் இரவு தங்குவோம். சத்தம் போடுகிறதா இல்லையா என்று அவரே கேட்டுக்கொள்ளட்டும். குழுவில் படம் போடமாட்டேன்.

அப்பா போன பிறகு என் கையைத் தன் தலைமேல் வைத்து, அண்ணனோடு சண்டைக்குப் போகமாட்டேன் என்று அம்மா சத்தியம் வாங்கியது உங்களுக்குத் தெரியும். நீங்களும் பக்கத்தில்தான் நின்றீர்கள். உங்களிடம் அவர் வாங்கவில்லை. என் பெயரைப் போட்டால் இது சண்டை. போடாவிட்டால் யாரோ எழுதியது. அம்மா கேட்டால் நான் எழுதவே இல்லை என்பேன். தம்பியிடமிருந்து ஒன்றும் வரவில்லை என்று நீங்களும் சொல்லிவிடுங்கள். அந்த ஒரு பொய்யிலாவது நாம் இரண்டு பேரும் ஒரு பக்கம் நிற்போம்.

பிரஷர் மாத்திரையை விடாமல் சாப்பிடுங்கள். எல்லோரும் நன்றாக இருங்கள்.

இதைப் பெயர் போடாமலே தபாலில் சேர்க்கிறேன்.