மில் நின்றபோது கேட்ட பூனைக் குரல்

கோலார் தங்க வயல்
1899 மார்ச்சு, வெள்ளி இரவு

என் மகன் இன்பராஜுக்கு அம்மா எழுதியது. கர்த்தர் கிருபையில் இங்கே நானும் உன் தங்கையும் சுகம், பட்டணத்தில் உன் சுகத்துக்காக ஜெபிக்கிறோம். அண்ணா, பழக்கத்தில் கை அம்மாவின் சொல்லையே எழுதிவிட்டது, வேறு தாள் இல்லை. இது அம்மா சொல்லி எழுதும் கடிதம் அல்ல. அம்மா தூங்குகிறாள், நான் பெட்டிக்குப் பின்னால் விளக்கை மறைத்து வைத்து எழுதுகிறேன். நாங்கள் சுகமாக இல்லை.

துரைசானி பிரசவத்துக்குப் பெங்களூர் போனபோது தன் வெள்ளைப் பூனையை ஆயாவான அம்மாவிடம் ஒப்படைத்ததைப் போன கடிதத்தில் எழுதினேனே, அது செவ்வாய்க்கிழமை ஓடிவிட்டது. கப்பலில் வந்த பூனை, இந்த மண்ணில் கால் வைத்ததே இல்லை. தண்ணீர்க்காரருக்குக் குளியலறைப் பின்கதவைத் திறந்துவிட்டவள் நான், துரைசானியின் படப் புத்தகம் பார்க்கும் அவசரத்தில் தாழ் போட மறந்தேன். அம்மா என்னை அடிக்கவில்லை. "நான்தான் தொறந்து உட்டேன்னு சொல்லிக்கிறேன், நீ வாயத் தொறக்காத" என்றாள். துரைசானி திங்கட்கிழமை ரயிலில் வருகிறாள். அம்மாவுக்கு வேலை போனால் பங்களாவுக்குப் பின்னாலுள்ள இந்த அறையும் போகும், அப்பா சுரங்க ஷாஃப்டில் செத்த பிறகு நமக்கு வேறு இடம் ஏது.

வீட்டுப் பூனை தூரம் போகாது, பயந்து பக்கத்திலேயே பதுங்கும் என்று சமையல்காரர் கோவிந்தன் சொன்னார். அது படுக்கும் கம்பளித் துணியைப் பின்வாசலில் விரித்தேன், மீன் தலை வைத்தேன், ஆள் அடங்கிய பிறகு கொட்டகை, விறகு அடுக்கு எல்லாவற்றின் கீழும் விளக்குப் பிடித்துக் கண் மின்னுகிறதா என்று பார்த்தேன். நான் கூப்பிட்டால் அதற்குக் கேட்காது, அது கத்தினால் எனக்குக் கேட்காது, தங்கக் கல் இடிக்கும் மில் இரவும் பகலும் ஓடுகிறதே. இனி ஓடாமலிருக்கக் கதவுக்கு இன்னொரு கொக்கி மாட்டினேன், வெளிக்கதவு திறந்தாலும் தடுக்கும்படி உள்ளே கோணித் திரை கட்டினேன், கழுத்துக்கு ஒரு மணியும் வாங்கினேன். அந்த மணியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

இன்று காலை ஏதோ பழுதென்று மில் சற்று நேரம் நின்றது. அப்போது கேட்டது அண்ணா, மில் வேலிக்கு உள்ளே, மர அடுக்கின் அடியிலிருந்து, மிகவும் மெலிந்த குரல். வேலியருகே ஓடினேன். காவல்காரர் முனியப்பன், "இன்னா பாப்பா, மில்லாண்ட இன்னா வேலை உனுக்கு? பூனையா? உன் பூனை தங்கம் துன்னுதா?" என்று சிரித்தார், பிறகு சிரிக்காமல் தடியைத் தரையில் தட்டினார். மில் மறுபடி ஓடத் தொடங்கியது. அம்மாவிடம் சொன்னதற்கு, "பூனை போனா போவுது, உன்னப் புடிச்சிக்கினா நான் எங்க போய் நிப்பேன்" என்று என் வாயைப் பொத்தினாள். போன மாதம் சுள்ளி பொறுக்க வேலிக்குள் போன ஜெயம்மாவைத் தங்கம் திருட வந்தவள் என்று பிடித்துக் கூந்தலை அவிழ்த்துச் சோதித்தார்கள், குடும்பத்தோடு வெளியேற்றினார்கள்.

நாளை விடியற்காலை, பாதரசம் பூசிய தகட்டில் படிந்த தங்கத்தை வழித்தெடுக்க மில்லை நிறுத்துவார்கள். இன்றுபோல் பழுதானாலொழிய மாதத்தில் அந்த ஒரு நேரம்தான் இங்கே சத்தம் அடங்கும், அந்த நேரத்தில்தான் காவலும் அதிகம். நான்கு நாளாகத் தண்ணீரில்லாத பூனை அடுத்த மாதம்வரை உயிரோடு இருக்காது. கூடையும் கம்பளித் துணியும் எடுத்துக்கொண்டு போகிறேன். கிடைக்கும் என்று நம்பிக்கை இல்லை, போகாமல் திங்கட்கிழமையைப் பார்க்கவும் முடியவில்லை.

வேளைக்குச் சாப்பிடு, ஞாயிற்றுக்கிழமை கோவிலை விடாதே, பனியில் தலையை மூடிக்கொள், கர்த்தர் உன்னைக் காப்பார். இவையெல்லாம் அம்மா சொல்வது, அம்மாவின் ஆசீர்வாதமாகவே வைத்துக்கொள்ளுங்கள். இதைப் போகிற வழியில் தபால் பெட்டியில் போடுவேன். அம்மாவுக்கு எழுதத் தெரியாது. அடுத்த கடிதம் வேறு கையெழுத்தில் வந்தால், என்னைப் பிடித்துவிட்டார்கள் என்று அர்த்தம், நான் தங்கத்துக்கல்ல, பூனைக்காகத்தான் போனேன் என்று நீங்கள் வந்து மில்காரர்களிடம் சொல்ல வேண்டும்.

உங்கள் தங்கை
இசபெல்லா