பெரியப்பா தொட்டுக் கொடுத்த தேன்

அன்புள்ள அம்மாவுக்கு, மஸ்கட்டிலிருந்து அபினா. அப்பாவின் இருமல் குறைந்ததா? நானும் பிள்ளையும் நலம். போனில் சொன்னால் இடையிலேயே அழுவீர்கள், அதனால் எழுதுகிறேன்.

முதலில் தேன் தொட்டு வைப்பவரின் குணம்தான் பிள்ளைக்கு வரும் என்று, நம் குடும்பத்திலேயே பொறுமைசாலியான சூசை பெரியப்பாவை விரல் தொட வைத்து ஒரு குப்பித் தேன் கொடுத்துவிட்டீர்களே, அதோடு இங்கே இருக்கும் நம் ஊர் ஷிபுவின் அம்மா பிரசவ வார்டுக்கே வந்துவிட்டார்.

"பால் ஊறுற வரைக்கும் இத நாக்குல தொட்டு வை மக்கா. இல்லங்கி பிள்ள காஞ்சு போவும்."

"சப்பச் சப்பத்தான் பால் ஊறும், மாமி. பிறந்ததும் சீம்பால் குடுத்தாச்சு. ஆறு மாசத்துக்குத் தண்ணிகூட குடுக்க மாட்டேன்" என்றேன். அவர் முகத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். போகட்டும்.

தேனை நான்தான் பால் சேர்க்காத கட்டன்சாயாவில் விட்டுக் குடிக்கிறேன். இவர் வேலைக்குப் போய்விட்டால் வீட்டில் நானும் மகளும்தான். பெரியப்பாவின் பொறுமை எனக்குத்தான் தேவை. ஊரிலிருந்து யாராவது வந்தால் பேறுகால மருந்தும் உங்கள் பழைய சேலை ஒன்றும் கொடுத்துவிடுங்கள். சேலையைத் துவைக்க வேண்டாம்.

பிள்ளைக்கு முதலில் கிடைத்தது என் பால். உங்கள் கணக்குப்படி என் குணம்தான் வர வேண்டும். இதோ, பசிக்குக் கத்துகிறாள். பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டுகிறார். இன்னும் கூட்டிக் கத்துகிறாள்.

வந்துவிட்டது, அம்மா.

அபினா