ஹோட்டலைப் பற்றி மட்டும்

கிண்ணியா,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மகன் றுவைசுக்கு வாப்பா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும்.

இங்கே எல்லோரும் சுகம், அங்கே நீயும் சுகமாக இருக்க அல்லாஹ் துணை என்றுதான் கடிதத்தைத் தொடங்க வேண்டும். முதல் பாதியை இந்த முறை விட்டுவிடுகிறேன். இரண்டாம் பாதியை மட்டும் வைத்துக்கொள்.

போன் இருக்கும்போது வாப்பாவுக்கு என்ன கடிதம் எழுதுகிற விசர் என்று நினைப்பாய். நீ எடுக்கும்போதெல்லாம் போன் உம்மாவின் கையில். நான் எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனால், யாரோட கதை என்று அறைக்குள்ளிருந்து சத்தம் வரும். உன்னோடு வேலை செய்கிற ஹஸன் லீவு முடிந்து நாளைக்கு மாலைதீவுக்குத் திரும்புகிறான். அவனிடம்தான் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உம்மா என்னிடம் ஒரு சத்தியம் வாங்கியிருக்கிறாள். அவளுடைய உடம்பைப் பற்றி உனக்கு ஒரு சொல்லும் சொல்லக் கூடாது, எழுதவும் கூடாது என்று அல்லாஹ்வின் மேல் ஆணையிட வைத்துவிட்டாள். இந்த வயதில் சத்தியத்தை முறித்துவிட்டு நான் எங்கே போய்ப் பதில் சொல்வது? ஆகவே நீ எங்களுக்குப் பதிந்து தந்த ஹோட்டலைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். எப்படி வாப்பா ஹோட்டல் என்று நீயும் மூன்று தரம் கேட்டுவிட்டாய்.

நிலாவெளியில் அப்படி ஒரு மாளிகை நிற்பதை பஸ்ஸுக்குள்ளிருந்து பார்த்ததோடு சரி. நீயும் வருவாய், எல்லோரும் மூன்று நாள் ஒன்றாக இருப்போம் என்றுதானே பேச்சு. உனக்கு லீவு இல்லை என்றதும் நான் போக வேண்டாம் என்றேன். உம்மாதான், பிள்ளை ஆசையா செஞ்சது, போகாட்டி அவன்ட மனசு உடைஞ்சிரும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். நானும் உம்மாவும், உன் ராத்தா ஷிஃபானாவும், அவளுடைய சின்னவளும் போனோம்.

வாசல் கவுண்டரில் சிவாஜினி என்றொரு பிள்ளை நின்றாள். ஆளுக்கொரு நீலப் பட்டி எடுத்துக் கையில் பூட்டினாள். இது கையில் இருந்தால் போதும், எங்கே எதைச் சாப்பிட்டாலும் யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள், ஒரு தரம் பூட்டினால் கழலாது, போகிற நாளில் நாங்கள்தான் வெட்டி எடுப்போம் என்றாள். என் மகனும் மாலைதீவில் இதே வேலைதான் என்று பெருமையாகச் சொன்னேன். எனக்கு இரண்டாவது துளையிலேயே இறுக்கிப் பிடித்துவிட்டது. விலங்கா போடுகிறாய் என்று ஏசினேன், சிரித்தாள். உம்மாவுக்குப் பூட்டும்போது அந்தப் பிள்ளை கதையை நிறுத்திவிட்டாள்.

சாப்பாட்டைக் கேள். எத்தனை கலியாண வீட்டில் சாப்பிட்டவன் நான், இப்படிக் கண்டதில்லை. இறைச்சியில் ஐந்து வகை, மீனில் ஆறு, இனிப்பு மேசை தனி. ஹலாலா என்று கேட்கக் குசினிக்குள் நுழைந்துவிட்டேன். மறித்த பையன்களோடு நான் சண்டைக்கு நிற்க, தலைமைச் சமையல்காரர் வெளியே வந்தார். பேணாட் என்று பெயர், திருகோணமலை டவுன் ஆள், சேர்ச்சுக்குப் போகிற வேதக்காரர், என் வயதுக்கு நாலைந்து குறைவு. ஐயா, இந்தப் பக்கத்தில உள்ளது ஒண்டுக்கும் யோசிக்க வேண்டாம், அந்த மூலை மேசையில மட்டும் கை வைக்காதேங்கோ என்று தானே கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினார்.

உம்மாவுக்குப் பிடித்ததையெல்லாம் ஒரு பீங்கானில் குவித்துக் கொண்டுபோய் வைத்தேன். பாரை மீன் ஆணம், கத்தரிக்காய், வட்டிலப்பம். அவள் எல்லாவற்றையும் விரலால் ஒரு பக்கம் ஒதுக்கி, நல்ல வாசம் என்றாள். எடுத்ததை மிச்சம் வைத்தால் அல்லாஹ் தந்த அருள், பறக்கத் போய்விடும், அதுவும் மகன் தந்த சாப்பாடு. என் பீங்கானையும் முடித்து அவளுடையதையும் நானே முடித்தேன். மூன்று நாளும் மூன்று வேளையும் அப்படித்தான். சீனி ஏறி ஷிஃபானாவிடம் ஏச்சு வாங்கியதுதான் மிச்சம். வாப்பா, உங்களுக்கு என்ன பைத்தியமா என்று கேட்டுவிட்டு அவளே அழுதாள்.

இரண்டாம் நாள் பேணாட் ஒரு சின்னக் கோப்பையில் தேங்காய்ப்பால் விட்ட கஞ்சி கொண்டுவந்து உம்மாவின் முன்னால் வைத்தார். நான் அவரிடம் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. என்ர சீலாவுக்கும் நான் இப்பிடித்தான் காய்ச்சிக் குடுத்தனான் என்றார். சீலா இப்போது எங்கே என்று நான் கேட்கவில்லை. உம்மா மூன்று கரண்டி குடித்தாள்.

இதற்கு மேல் போனால் சத்தியம் முறிந்துவிடும். கடலைப் பற்றி எழுதுகிறேன்.

கடற்கரை முழுக்க வெள்ளைக்காரர்கள் அரைகுறை உடுப்போடு கிடந்தார்கள். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நான் வானத்தைப் பார்த்து நடந்து ஒரு நாயை மிதித்துவிட்டேன். கிழவன்ட வெட்கத்தப் பாரு என்று உம்மா சிரித்தாள். றுவைஸ், அவள் சிரித்து எனக்கு நாளாகிவிட்டது. அஸர் தொழுகைக்குப் பிறகு தண்ணியில் கால் வைக்க வேண்டும் என்றாள். அறையிலிருந்து தண்ணீர் வரைக்கும் நூறு அடி இருக்கும். நானும் பேணாட்டும் அவளைக் கதிரையோடு தூக்கிக்கொண்டுபோய் அலையில் வைத்தோம். மரக் கதிரை, நல்ல பாரம். மற்றப்படி பாரம் ஒன்றும் இல்லை.

அந்த நேரம்தான் நீ வீடியோவில் வந்தாய். உம்மா முந்தானையால் கன்னத்தையும் கழுத்தையும் மூடிக்கொண்டு, காத்து மகன், கண்ணுக்க மண் போகுது என்று சொல்லி, போனைக் கடல் பக்கம் திருப்பச் சொன்னாள். நீ கடலைப் பார்த்துக் கதைத்துவிட்டு வைத்தாய். அன்றைக்குக் காற்றே இல்லை. கச்சான் காற்றுக்கூட அடங்கிக் கிடந்தது.

ஜூன் மாதம் நாங்கள் இரண்டு கிழமை கொழும்பில் நின்றது ஒரு கலியாணத்துக்கு என்று உம்மா சொன்னாள். யார் பெண், யார் மாப்பிள்ளை என்று நீ கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

அவள்மேல் கோபப்படாதே. பாலம் வருவதற்கு முன்னால், சனங்களை அக்கரைக்கு ஏற்றிப் போகிற பாதையில், அந்த மிதவையில் நான் வேலை செய்தபோது வடம் அறுந்து என் கால் முறிந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். பரீட்சையைப் பாதியில் விட்டுவிட்டு ஓடி வந்து என் கட்டிலடியில் உட்கார்ந்தாய். அதற்குப் பிறகு நீ அந்தப் பரீட்சையை எழுதவே இல்லை. எனக்கு அது பெருமை, அவளுக்கு அது பதினெட்டு வருடத்துக் காயம். இப்போது உன்னை அங்கே பெரியவனாக ஆக்கப் போகிறார்கள், மார்கழி வரைக்கும் அசையக் கூடாது என்கிறாய். இன்னொரு தரம் அவன்ட வாழ்க்கைய நாம முறிக்கப்படாது என்று பிடித்த பிடியில் நிற்கிறாள். அவளோடு கதைத்து வெல்ல என்னால் எப்போதுமே ஏலாது, உனக்குத் தெரியும்.

பாதைக் கதை வந்ததால் ஒன்று சொல்கிறேன். கடைசிப் பாதை கிளம்புகிற நேரம் ஒருவன் தூரத்தில் ஓடி வருவதைக் கண்டால் நாங்கள் பாதையைக் கரையிலேயே பிடித்து வைத்திருப்போம். சனங்கள் ஏசுவார்கள், இருந்தும் வைத்திருப்போம். ஆனால் ஓடி வருகிறவனைக் கண்டால்தான் அதுவும். வீட்டில் இருக்கிறவனுக்காக எத்தனை நேரம் பிடித்து வைக்கலாம்? எனக்குப் பயமாக இருக்கிறது மகன். இதை நான் என்னைப் பற்றித்தான் எழுதுகிறேன், உம்மாவைப் பற்றி அல்ல.

கடைசி நாள் கவுண்டரில் எல்லோருடைய பட்டியையும் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்தார்கள். சின்னவள் வெட்ட விடாமல் அழுதாள். உம்மாவின் பட்டியை வெட்ட வேண்டி இருக்கவில்லை. அன்று சுபஹுத் தொழுகைக்கு வுளூச் செய்து கை கழுவும்போது அது தண்ணீரோடு கையிலிருந்து வழுகி விழுந்துவிட்டது. குப்பையில் போடுவோமா என்று ஷிஃபானா கேட்க, மகன் போட்ட காப்பு, போடாதே என்று வாங்கித் தன் தஸ்பீஹ் மணிப் பைக்குள் வைத்துக்கொண்டாள். அவளுடைய பொன் காப்புகளை ஷிஃபானா எடுத்து அலுமாரிக்குள் வைத்து நாலு மாதம்.

அந்தப் பட்டியை அவளுக்குத் தெரியாமல் எடுத்து இந்தக் கடிதத்துக்குள் வைத்திருக்கிறேன். பூட்டியது பூட்டியபடியே இருக்கிறது, யாரும் திறக்கவுமில்லை, வெட்டவுமில்லை. நீ நாளுக்கு எத்தனை கைகளுக்குப் பூட்டுகிறவன். எத்தனையாம் துளை என்று நீயே பார். பார்த்துவிட்டு உன் கையை அதற்குள் விட்டுப் பார். சின்னவளின் கைதான் அதற்குள் போகும்.

பதில் எழுதாதே. கடிதம் வந்தால் உம்மாவின் கைக்குத்தான் போகும். வாசலில் உன்னைக் கண்டால், யார் உனக்கு எழுதினது என்று என் முகத்தைத்தான் பார்ப்பாள். வாப்பா ஹோட்டலைப் பற்றி மட்டும்தான் எழுதினார் என்று சொல்.

அல்லாஹ் உனக்கு விரைவான, இலேசான பயணத்தைத் தருவானாக. ஆமீன்.

உன் வாப்பா,
ஸெய்னுதீன்.